சட்டைப் பைக்குள் அடங்கும் தூர டார்ச்: வாங்கும் முன்னும் பின்னும் நீங்களே சோதிப்பது எப்படி?

மதுரை மாவட்டத்தில் மேலூர், வாடிப்பட்டி பக்கம் மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்தால் ராத்திரியில்தான் மோட்டார் போட வேண்டும். வரப்பில் நடக்க வெளிச்சம் வேண்டும். வயலின் அந்தக் கோடியில் மடை உடைத்துக்கொண்டதா, பன்றி இறங்கியிருக்கிறதா என்று பார்க்கவும் வெளிச்சம் வேண்டும். முன்பு இதற்கென்றே ஐந்து கட்டை டார்ச் வைத்திருப்பார்கள். இப்போது ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குள், உள்ளங்கை நீளத்தில், அதைவிடத் தூரம் அடிக்கும் எல்.இ.டி. டார்ச் கிடைக்கிறது.

அந்த விலையில் நல்லதும் இருக்கிறது, அட்டைப்பெட்டியில் மட்டும் பிரகாசிப்பதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஒரு ஆண்ட்ராய்டு ஃபோன், அளவு நாடா, இருட்டான மொட்டை மாடி, அப்புறம் ஒரு கண்மாய்க் கரை போதும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவ்வளவையும் செய்துவிடுங்கள்.

படி 1: பெட்டியில் எந்த எண்ணைப் பார்ப்பது?

எல்லோரும் பார்ப்பது லூமென். டார்ச்சிலிருந்து வெளியே வரும் மொத்த வெளிச்சத்தின் அளவு அது. தூரத்துக்கு நீங்கள் பார்க்க வேண்டியது கேண்டலா. வெளிச்சம் ஒரே திசையில் எவ்வளவு குவிந்து போகிறது என்பதை அதுதான் சொல்லும். தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் அதே தண்ணீர் தூரமாகப் பீய்ச்சுகிறதல்லவா, அந்தக் கணக்குதான்.

டார்ச்சுகளை அளக்க ஆன்சி எஃப்.எல்.1 என்றொரு தரநிலை 2009 முதல் இருக்கிறது. ஓர் இடத்தின் மேல் விழும் வெளிச்சத்தை லக்ஸில் அளப்பார்கள். வெளிச்சம் 0.25 லக்ஸாகக் குறையும் இடம் வரைக்கும்தான் டார்ச்சின் தூரம் என்று அந்தத் தரநிலை வரையறுக்கிறது. திறந்தவெளியில் பௌர்ணமி நிலா தரும் வெளிச்சம் கிட்டத்தட்ட அவ்வளவு. கணக்கு எளிது: கேண்டலாவின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டலா என்றால் 200 மீட்டர். 40,000 என்றால் 400 மீட்டர். தூரம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கேண்டலா நான்கு மடங்காக வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது ஒரு குட்டி டார்ச்சின் பெட்டியில் ‘1000 மீட்டர்’ என்று போட்டிருந்தால் அதற்கு 2,50,000 கேண்டலா தேவை. கட்டை விரல் பருமனுள்ள தலையும் இந்த விலையும் சேர்ந்து அதைத் தராது. அந்தப் பெட்டியைக் கீழே வைத்துவிடலாம்.

இன்னொன்று. 400 மீட்டர் என்று கணக்கு வந்தாலும், 400 மீட்டரில் நிற்பது மாடா மனிதரா என்று நிலா வெளிச்சத்தில் தெரியாது. அடையாளம் காணும் தூரம் அதில் பாதியோ மூன்றில் ஒரு பங்கோதான். மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கரைக்குக் கரை ஏறத்தாழ 300 மீட்டர், கரையிலிருந்து நடு மண்டபம் சுமார் 150 மீட்டர். ‘400 மீட்டர்’ டார்ச் உங்களுக்கு உருப்படியாகக் காட்டுவது நடு மண்டபம் வரைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. என் பார்வையில் பெரும்பாலான வயல்களுக்கு அதுவே தாராளம்.

படி 2: தலையைப் பாருங்கள்

டார்ச்சை அணைத்துவிட்டு முன்கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். உள்ளே இருக்கும் கிண்ணம் ஆழமாக, அகலமாக, கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் அது தூரத்துக்கு. பொடிப்பொடியாகக் குழி விழுந்ததாக இருந்தால் வெளிச்சத்தைக் கொஞ்சம் பரப்பிக் கொடுக்கும். நடுவில் இருக்கும் எல்.இ.டி. சின்னதாக, மேலே குமிழ் இல்லாமல் தட்டையாக இருந்தால் ஒளிக்கற்றை இன்னும் குறுகலாகும். ஒரே வகை எல்.இ.டி. போட்ட இரண்டு டார்ச்சுகளில் தலை அகலமானதுதான் தூரம் போகும். ஆகவே ‘மிகச் சின்னது, மிகத் தூரம்’ என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எங்கோ விட்டுக்கொடுக்க வேண்டிவரும்.

தலையை முன்னும் பின்னும் இழுத்து வெளிச்சத்தைக் குவிக்கும் ஜூம் வகையும் உண்டு. முழுதாகக் குவித்தால் சுவரில் எல்.இ.டி.யின் சதுரமே விழும். தூரத்துக்கு அது நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் காற்றோடு புழுதியும் ஈரமும் உள்ளே போக வழி இருக்கிறது. வயலுக்கும் மழைக்கும் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

படி 3: கட்டையைக் கழற்றுங்கள்

கடையில் வாங்குவதாக இருந்தால் “அண்ணே, பேட்டரியைக் கழற்றிப் பாக்கலாமா?” என்று கேட்டுவிடுங்கள். கழற்றவே முடியாத டார்ச் என்றால் பேட்டரி போனதும் டார்ச்சும் போயிற்று. கழற்ற முடிவதையே வாங்குங்கள்.

இந்த அளவு டார்ச்சுகளில் வருவது பெரும்பாலும் 18650 என்ற லித்தியம் கட்டை. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள். நல்ல நிறுவனங்களின் 18650 கட்டையே கொள்ளளவில் 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கும். ‘9900’ என்று அச்சடித்த கட்டை பொய். அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று நம்ப வழியில்லை. மளிகைக்கடை மின்னணுத் தராசில் வைத்துப் பாருங்கள்: உண்மையான கட்டை 45 கிராமை ஒட்டி இருக்கும். முப்பதைத் தொட்டு நின்றால் வேண்டாம். மேலுறை கிழிந்த கட்டையும் வேண்டாம். அதை உலோக உடலுக்குள் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கக்கூடும்.

படி 4: மொட்டை மாடியில் அளப்பது

இதுதான் முக்கியமான படி. அவசரப்படாமல் செய்யுங்கள்.

ஃபோனில் ஃபைபாக்ஸ் (phyphox) என்ற செயலியை இறக்குங்கள். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். அதில் வெளிச்சம் அளக்கும் பகுதி ஃபோனின் முன்பக்க ஒளி உணரியைப் படித்து லக்ஸ் காட்டும். ஐஃபோனில் இது வேலை செய்யாது. உணரி பெரும்பாலும் திரைக்கு மேலே, காதில் வைக்கும் ஒலித் துளைக்குப் பக்கத்தில் இருக்கும். விரலால் மறைத்துப் பார்த்தால் எண் விழும் இடம் தெரிந்துவிடும்.

ஃபோனை நெஞ்சு உயரத்தில் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள். அளவு நாடாவால் சரியாக 5 மீட்டர் பின்னால் வந்து தரையில் சாக்கட்டியால் கோடு போடுங்கள். தெருவிளக்கு இருந்தால் டார்ச் போடாமலே என்ன எண் வருகிறது என்று குறித்துக்கொண்டு கடைசியில் கழித்துவிடுங்கள். டார்ச்சை நிறைய சார்ஜ் செய்து, ஆக உயர்ந்த வெளிச்சத்தில் வைத்து, நடுப்புள்ளி உணரி மேல் விழும்படி மெல்ல ஆட்டுங்கள். அரை விரற்கடை நகர்ந்தாலும் எண் தாவும். உச்சத்தில் எது நிற்கிறதோ அதுதான் உங்கள் எண். கூட ஒருவர் நின்று எண்ணை வாசித்துச் சொன்னால் சுலபம்.

வந்த லக்ஸை 25 ஆல் பெருக்குங்கள், அதாவது 5 × 5. 1,600 லக்ஸ் வந்தால் 40,000 கேண்டலா. வர்க்கமூலம் 200, இரண்டால் பெருக்க 400 மீட்டர். இடம் இருந்தால் 10 மீட்டரில் அளந்து 100 ஆல் பெருக்குவது இன்னும் நல்லது, ஒளிக்கற்றை முழுதாகக் குவிய தூரம் வேண்டும். ஒரு மீட்டரில் அளக்கவே அளக்காதீர்கள், எண் தப்பாக வரும்.

ஃபோன் உணரி ஆய்வகக் கருவி அல்ல. ஒவ்வொரு ஃபோனும் ஒவ்வொரு மாதிரி காட்டும். தெரிந்தவர் யாரிடமாவது கேண்டலா எண்ணை ஒழுங்காக அச்சிட்ட நல்ல டார்ச் இருந்தால் அதையும் அதே கோட்டில் நின்று அளந்துவிடுங்கள். 20,000 என்று போட்ட டார்ச் உங்கள் ஃபோனில் 16,000 காட்டினால், உங்கள் ஃபோன் சொல்லும் எதையும் 1.25 ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். நல்ல டார்ச் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு மலிவு டார்ச்சுகளில் எது மேல் என்று சொல்ல இதே ஃபோன் போதும்.

படி 5: பத்து நிமிடம் கழித்து என்ன ஆகிறது?

போட்டவுடன் பளிச்சென்று அடித்துவிட்டு மூன்றாம் நிமிடமே சோர்ந்துபோகும் டார்ச்சுகள் நிறைய. அதே கோட்டில் டார்ச்சை ஒரு ஸ்டூல் மேல் அசையாமல் வைத்து, முப்பது விநாடி, மூன்று நிமிடம், பத்து நிமிடம் என்று மூன்று முறை எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன உடம்புக்குச் சூட்டைக் கடத்த இடம் குறைவு. ஆகவே வெளிச்சம் கொஞ்சம் இறங்குவது குறை அல்ல, எல்.இ.டி.யைக் காப்பாற்றும் ஏற்பாடு. லக்ஸ் பாதியானாலும் தூரம் 30 சதவீதம்தான் குறையும், வர்க்கமூலக் கணக்கு இங்கே நமக்குச் சாதகம். கால்வாசிக்கு இறங்கினால்தான் தூரமும் பாதியாகிவிடும். அப்படிப்பட்டதைத் திருப்பிக் கொடுங்கள். கையில் பிடிக்க முடியாத அளவு சுட்ட பிறகும் வெளிச்சம் இறங்கவில்லை என்றாலும் திருப்பிக் கொடுங்கள், உள்ளே கட்டுப்பாடு எதுவும் இல்லை என்று பொருள்.

பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. ஆன்சி தரநிலைப்படி, தொடக்க வெளிச்சத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரை ‘எரிகிறது’ என்றே கணக்கு. 400 மீட்டர் டார்ச் அந்த நேரத்தில் 126 மீட்டர் டார்ச்சாகத்தான் இருக்கும்.

படி 6: கண்மாய்க் கரைக்குப் போங்கள்

எண் மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், கண் பார்க்க வேண்டும். பகலிலேயே ஃபோன் வரைபடத்தில் கரையின் இரு முனைகளுக்கு நடுவே தூரம் அளந்து, 50, 100, 150 மீட்டரில் எந்தப் பனை, எந்தக் கருவேலம் நிற்கிறது என்று தெரிந்து வையுங்கள். ஊர்க்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ராத்திரியில் கரையில் வெளிச்சம் அலைந்தால் ஊரே எழுந்து வரும், அதில் தவறும் இல்லை. இரண்டு பேராகப் போங்கள், கால் மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள். போனதும் பத்து நிமிடம் எந்த வெளிச்சமும் பார்க்காமல் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள்.

ஒரு வெள்ளைத் துண்டும் ஒரு கறுப்புக் குடையும் கொண்டுபோங்கள். 100 மீட்டரில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கிளையில் தொங்கவிட்டு வந்து டார்ச்சை அடியுங்கள். துண்டு பளீரென்று தெரியும். குடை இருக்கும் இடமே தெரியாமல் போகலாம், விளிம்புக் கம்பி மட்டும் மின்னும். நீங்கள் தேடப்போவது எருமையையும் காட்டுப்பன்றியையும் என்றால் குடை தெரிகிற தூரம்தான் உங்கள் டார்ச்சின் தூரம். நாயின் கண் 200 மீட்டருக்கு அப்பாலும் பச்சையாக மின்னும், அதை வைத்து டார்ச்சைப் புகழ்ந்துவிடாதீர்கள்.

அடுத்து, அதே டார்ச்சைக் காலடியில் அடித்துப் பத்தடி நடங்கள். குறுகிய ஒளிக்கற்றை ஒரு தட்டு அகலத்துக்குக் கண் கூசும் வட்டத்தைப் போடும், சுற்றிலும் இன்னும் இருட்டாகத் தோன்றும். கட்டுவிரியன் நடமாடுவது ராத்திரியில். வட்டத்துக்கு வெளியே அது கிடந்தால் தெரியாது. நடுப்புள்ளியைச் சுற்றிப் பக்க வெளிச்சமும் கொஞ்சம் பரவும் டார்ச்சைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் நடப்பதற்குத் தனியாக ஒரு தலை விளக்கு வையுங்கள். தூரத்தைவிட இதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

மார்கழிப் பனியிலும் அறுவடைப் புழுதியிலும் வெளிச்சம் திரும்பி வந்து கண்ணை மறைக்கும். டார்ச்சைக் கண்ணுக்கு அருகே பிடிக்காமல் இடுப்பு உயரத்தில் பிடித்தால் இது குறையும். நீலம் பாய்ந்த வெள்ளையைவிட 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்) அளவிலான வெள்ளை மண்ணையும் இலையையும் நன்றாகப் பிரித்துக் காட்டும்.

நான்குவழிச் சாலை, ரயில் பாதை, இறங்கும் விமானம், இந்தப் பக்கம் எதற்கும் அடிக்காதீர்கள். அழகர்மலை, சிறுமலை அடிவாரக் காடுகளுக்குள் சோதனைக்கென்று நுழைய வேண்டாம். மனிதர் முகத்தில் விளையாட்டுக்குக்கூட அடிக்க வேண்டாம்.

படி 7: சுவிட்ச், சார்ஜ், மழை

சுவிட்சை ஈரக் கையால் அழுத்திப் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் உயர்வு, தாழ்வு, அப்புறம் விட்டுவிட்டு மின்னுவது என்று சுற்றிவரும் டார்ச் அவசரத்தில் தொல்லை. கடைசியாக வைத்த வெளிச்சத்திலேயே மறுபடி எரிவது நல்லது. பையில் தானாக எரியாமலிருக்கப் பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் இணைப்பு அறுகிறதா என்றும் பாருங்கள்.

மலிவு டார்ச்சுகள் சிலவற்றில் டைப்-சி துளை இருந்தும், இருபுறமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. உள்ளே போட வேண்டிய இரண்டு சின்ன மின்தடைகளை விட்டிருப்பார்கள். மறுமுனை பழைய அகல யு.எஸ்.பி.யாக உள்ள கேபிளில் ஏறினால் டார்ச் பழுதில்லை, அந்தக் கேபிளைப் பத்திரமாக வையுங்கள்.

தண்ணீர் தாங்கும் அளவைச் சொல்லும் குறியீடு ஐ.பி.எக்ஸ். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் சாரல் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்க வேண்டும். அப்படிப் போட்டிருந்தால் மட்டும் பேட்டரியைக் கழற்றிவிட்டு, மூடியை இறுக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி போட்டு எடுத்துப் பாருங்கள். உள்ளே ஒரு துளி இருந்தாலும் ரப்பர் வளையம் சரியில்லை.

லித்தியம் கட்டையை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் தகரக் கூரை போட்ட மோட்டார் ரூம் பகலில் அதைத் தாண்டிவிடும். வீட்டில், தரையில் வைத்து, ஆள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் முழுதாக ஏற்றாமல் பாதியளவில் நிறுத்தி, கட்டையைக் கழற்றித் தனியாக ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள்.