அளவு மீறி உண்ட மறுநாள்

குன்னூரில் மழை பிடித்துக்கொண்ட மாலையில், சூடான தேநீரோடு ஒரு வர்க்கி (மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட்) என்று தொடங்கியது ஆறேழாக முடிந்துவிட்டால், எடை குறைக்கும் முயற்சியே பாழாகிவிட்டது என்று எண்ணி இரவு உணவிலும் கட்டுப்பாட்டைக் கைவிடாதீர்கள். உண்மையான இழப்பு பெரும்பாலும் அந்த எண்ணத்திலிருந்துதான் தொடங்குகிறது.

மறுநாள் எடைக்கருவி ஒரு கிலோ கூடுதலாகக் காட்டினாலும் அஞ்ச வேண்டாம். ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருப்பதால், ஒரு மாலையில் உண்ட வர்க்கிகளால் அவ்வளவு கொழுப்பு சேர இயலாது. உப்பும் மாவுச்சத்தும் உடலில் தேக்கும் நீரும், இன்னும் செரிக்காத உணவுமே அதன் பெரும்பகுதி. வழக்கமான உணவுக்குத் திரும்பினால் சில நாள்களில் அது வடிந்துவிடும்.

ஆகவே, தண்டனையாகப் பட்டினி கிடக்காதீர்கள். காலை உணவைத் தவிர்த்தால், மாலைக் குளிரில் பசி பெருகி, மீண்டும் அதே வர்க்கிப் பொட்டலத்திடம் கொண்டுவந்து நிறுத்தும். முந்தைய நாள் உண்மையிலேயே பசித்ததா, குளிர்ந்ததா, மனம் சோர்ந்திருந்ததா என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்தான் காரணமென்றால் கம்பளியும் சர்க்கரையில்லாத தேநீரும் போதும். அடிக்கடி, நிறுத்த முடியாமல், பிறருக்கு மறைத்து உண்ணும் நிலை இருந்தால், அது மனவலிமைக் குறைவன்று. மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். வர்க்கியை அடியோடு விலக்கவும் வேண்டாம். இரண்டைத் தட்டில் எடுத்து வைத்து, பொட்டலத்தைக் கட்டிய பிறகு அமர்ந்து உண்ணுங்கள்.