நிறைவு என்று நினைத்து நாம் செய்கிற தவறுகள்

பினாங்கு ஆயர் ஈத்தாமில் நாங்கள் இருந்த அடுக்குமாடி வீட்டில், அரிசி டின்னின் அடி தெரிய ஆரம்பித்தால் பாட்டி "அரிசி தீர்ந்துபோச்சு" என்று சொல்லவே மாட்டார். "அரிசி நெறஞ்சிருக்கு, கடைக்குப் போயிட்டு வாய்யா" என்பார். இல்லை என்ற சொல் அடுப்படியில் விழக்கூடாது என்பது அவர் வழக்கம். ஆனால் கவனியுங்கள், நிறைந்திருக்கிறது என்று சொன்ன கையோடு என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவார். நிறைவாக நினைத்தால் நிறைவாகவே வரும் என்கிற செழிப்பு மனப்பான்மை பற்றி இப்போது பேசுகிற பலர் அந்த வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு, கடைக்குப் போகிற பகுதியை விட்டுவிடுகிறார்கள். நான் பார்த்தவரை முதல் தவறு இதுதான், பெரிய தவறும் இதுதான்.

மோட்டார் சைக்கிள் தவணை இரண்டு மாதமாக நிற்கிறது, மின்சாரக் கட்டண பில்லைப் பிரிக்கவே பயம், ஆனாலும் தினமும் காலையில் "பணம் என்னைத் தேடி வருகிறது" என்று பத்து முறை சொல்கிற நண்பர் எனக்கு உண்டு. பில்லைப் பிரிக்காதவரை அந்தப் பயம் உள்ளேயே இருக்கும், வாய் என்ன சொன்னாலும் சரி. 2013-ல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் கரும்பு விவசாயிகள் 464 பேரை, கையில் காசு இல்லாத அறுவடைக்கு முன்பும், காசு வந்த அறுவடைக்குப் பின்பும் சோதித்தார்கள். அதே ஆட்கள்தான், ஆனால் அறுவடைக்கு முன்பு அவர்களுடைய சிந்தனைத் திறன் சோதனை முடிவுகள் தெளிவாகவே குறைந்திருந்தன. பணக்கவலை மூளையில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, மற்றதுக்கு இடம் போதவில்லை என்பதுதான் ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அதனால் உண்மையிலேயே தட்டுப்பாட்டில் இருப்பவரிடம் போய் "மனசை மாத்திக்கோ, எல்லாம் வரும்" என்று சொல்வது அநியாயம். போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து என்பதை அவரவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம், பசித்தவனுக்குச் சொல்லக்கூடாது. கடன் கழுத்தை நெரித்தால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-ல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை, வங்கிகளோடு பேசித் தவணையை மாற்றி அமைக்கவும் வழி செய்வார்கள். அங்கே போய் உட்காருவதுதான் பாட்டி என்னைக் கடைக்கு அனுப்பினதற்குச் சமம்.

அப்புறம், நிறைவையும் காட்டிக்கொள்வதையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது. தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு நம் நாட்டின் அழகான பழக்கம். மலாய்க்கார அண்டை வீட்டார், சீன நண்பர்கள், வேலையிடத்து ஆட்கள் எல்லாரும் ஒரே கூடத்தில் முறுக்கு கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலே மனசு குளிர்ந்துவிடும். அதையே கேட்டரிங், புது சோபா, வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கனமான அங்பாவ் (காசு உறை) என்று கடன் அட்டையில் இழுத்து நடத்துகிறோம். கணக்குப் பாருங்கள். 3,000 வெள்ளி (ரிங்கிட்) நிலுவைக்கு ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி என்றால் மாதம் சுமார் 45 வெள்ளி. குறைந்தபட்சத் தொகையென்று 5 விழுக்காடு, அதாவது 150 வெள்ளி கட்டினால் அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு வட்டிக்கே போய்விடும். ஊழியர் சேமநிதியிலும் இப்படித்தான். 2024 மே மாதத்திலிருந்து 55 வயதுக்கு உட்பட்டவர்களின் சந்தாவில் 10 விழுக்காடு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது, அதில் எப்போது வேண்டுமானாலும் 50 வெள்ளியிலிருந்து எடுக்கலாம். அவசரத்துக்கு உதவுகிற நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் கைபேசியில் அந்தத் தொகை கண்ணில் படுகிறது என்பதற்காக விருந்துக்கு எடுப்பது விதைநெல்லைக் குத்திச் சோறாக்குவது மாதிரி. எங்கள் வீட்டில் ஒரு வருஷம் தோசையும் சாம்பாரும் மட்டும் வைத்தோம். வந்தவர்கள் இரவு பத்து மணி வரை எழுந்திருக்கவில்லை.

சம்பளம் ஐயாயிரம் ஆகட்டும், அப்புறம் நிம்மதியாக இருக்கலாம் என்று தள்ளிப்போடுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1978-ல் அமெரிக்காவில் லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரை ஆராய்ந்தபோது, நண்பரோடு பேசுவது, காலை உணவு போன்ற சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த இன்பம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாக இருந்தது. சின்ன எண்ணிக்கைதான், இருந்தாலும் எனக்கு மறக்கவில்லை.

ஆனால் நான் மனசு நொந்து எழுத நினைத்தது வேறு ஒன்று. எடுத்து வைப்பது. அம்மாவின் கண்ணாடி அலமாரியில் பூப்போட்ட ஆறு பீங்கான் தட்டுகள் இருந்தன. "விருந்தாளி வந்தா எடுக்கலாம்" என்பார், விருந்தாளி வந்தால் உடைந்துவிடும் என்று காகிதத் தட்டு கொடுப்பார். அம்மா தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்தவர், ஒரு தட்டு உடைந்தால் அடுத்தது எப்போது வாங்குவோம் என்று தெரியாத வீடு அது, அதனால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போன பிறகு அலமாரியைத் திறந்தேன், விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் இருந்தது. அந்தத் தட்டில் அம்மா ஒரு வேளைகூடச் சாப்பிடவில்லை. இப்போது நாங்கள் அதில்தான் தினமும் சாப்பிடுகிறோம், இரண்டு உடைந்துபோயின, பரவாயில்லை. உங்கள் வீட்டிலும் பீரோவில் மடிப்புக் கலையாத புடவையோ, பிரிக்காத போர்வையோ இருக்கும். நாளைக்கே எடுத்துவிடுங்கள், விசேஷம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

நன்றி எழுதுகிற நோட்டுப் புத்தகம் பலருக்கு உதவுகிறது, ஆனால் தினமும் கடமைக்கு "வீடு, குடும்பம், உடல்நலம்" என்று அதே மூன்றை எழுதினால் பள்ளிக்கூடத்துத் தண்டனை எழுதுகிற மாதிரி ஆகிவிடும். வாரத்துக்கு ஒரு தடவை போதும், ஆனால் குறிப்பாக எழுதுங்கள். சனிக்கிழமை காலை தாவரவியல் பூங்காவில் காசு கொடுக்காமல் நடந்தேன், மழைமரத்தடியில் குரங்குக் குட்டி தாயின் வயிற்றைப் பிடித்துத் தொங்கியது என்று எழுதினால் அடுத்த வாரம் படிக்கும்போது அந்தக் காலை திரும்பி வரும். 1884-ல் தொடங்கிய பூங்கா, இன்றும் நமக்காகத் திறந்திருக்கிறது.

கடைசியாக, கொடுக்க மட்டும் தெரிந்து வாங்கத் தெரியாமல் இருப்பது. மேல்மாடி சீன ஆண்டி ஒவ்வொரு சீனப் புத்தாண்டுக்கும் ஆரஞ்சுப்பழம் கொண்டுவருவார். "எதுக்கு ஆண்டி, வேணாம்" என்று நானும் மறுத்துக்கொண்டே இருந்தேன், மரியாதை என்று நினைத்து. ஒரு வருஷம் அவர் வரவில்லை. அடுத்த நாள் நானே மேலே போய்க் கேட்டு வாங்கி வந்தேன், அவருக்கு அப்படி ஒரு சிரிப்பு. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியிலும் இதைப் பார்க்கிறேன். பந்தலில் ஒருவர் மோரை நீட்டுவார், நல்ல வேலையில் இருக்கிற நாம் "எனக்கு வேணாண்ணே, கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்க" என்று நகர்ந்துவிடுவோம். அவர் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து தயிர் கடைந்திருப்பார். நின்று, வாங்கிக் குடித்துவிட்டுப் போங்கள்.