பிஆர் இருக்கிறதே என்று அசந்துவிடாதீர்கள்

காரைக்குடியில் பர்மா காலனி என்று ஒரு பகுதி இருக்கிறது. பர்மாவின் ரங்கூனுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனவர்கள் அந்த ஊரைத் தங்கள் ஊராகவே நினைத்தார்கள். 1942-இல் ஜப்பான் படை வந்தபோது பலர் நடந்தே திரும்பினார்கள். 1964-இல் கடைகள் அரசுடைமையானதும் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரும் கிளம்ப நேர்ந்தது. அவர்களைத் துரத்தியது போரும் அரசும். இன்று பிஆர் எனப்படும் நிரந்தர வசிப்புரிமையை வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் கவனக்குறைவால் இழப்பதைப் பார்த்தால்தான் மனது கேட்கவில்லை.

முதல் தவறு, ஊருக்கு வந்து தங்கிவிடுவது. என் ஒன்றுவிட்ட அண்ணன் சிங்கப்பூர் பிஆர். அப்பச்சியின் எண்பதாம் கல்யாணத்துக்கு வந்தார். அப்புறம் பங்காளிகளோடு பொது வீட்டு ஓடு மாற்றும் வேலை, அது முடிவதற்குள் அப்பச்சிக்கு உடம்பு சரியில்லை. இதற்கிடையில் அவருடைய ரீ-என்ட்ரி பெர்மிட் காலாவதியாகிவிட்டது. பிஆர் என்பது நிரந்தரம்தான், ஆனால் வெளியே போய்த் திரும்ப இந்த பெர்மிட் உயிரோடு இருக்க வேண்டும். 2025 டிசம்பர் முதல், வெளிநாட்டில் இருக்கும்போது அது முடிந்துபோனால் புதிதாக விண்ணப்பிக்க 180 நாள் தருகிறார்கள். அதையும் விட்டால் பிஆர் போய்விடும். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே பெர்மிட் தேதியைப் பாருங்கள்.

மற்ற நாடுகளிலும் இப்படிக் கணக்கு உண்டு. பிரிட்டனின் ஐஎல்ஆர், அதாவது காலவரையற்ற வசிப்புரிமை, தொடர்ந்து 2 ஆண்டுக்கு மேல் வெளியே இருந்தால் போய்விடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமைக்கு, ஒன்றியத்துக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம்தான் எல்லை.

அமெரிக்காவில் வேறொரு தவறு நடக்கிறது. நீண்ட நாள் கழித்துத் திரும்பும் பெரியவர்களிடம் விமான நிலையத்தில் ஐ-407 படிவத்தை நீட்டினால், பயந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது கிரீன் கார்டைத் தாமாகவே விட்டுக்கொடுக்கும் படிவம். கையெழுத்துப் போடச் சட்டம் கட்டாயப்படுத்துவதில்லை. குடிவரவு நீதிபதி முன் விசாரணை கேட்கலாம்.

வழக்கு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'சின்ன கேஸ்தானே, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்' என்று முடிவெடுக்காதீர்கள். அந்த ஒப்புதலே நாடுகடத்தலுக்குக் காரணமாகலாம். பிரிட்டனில் 12 மாதமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்ற வெளிநாட்டவரை, சில விலக்குகள் தவிர, நாடுகடத்தியே ஆக வேண்டும் என்கிறது 2007-ஆம் ஆண்டுச் சட்டம். குற்ற வழக்கறிஞரிடம் உங்கள் விசா நிலையை முதல் நாளே சொல்லுங்கள்.

பழைய காகிதங்களையும் தூக்கிப் போடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி, நீண்டகால வசிப்பாளரை வெளியேற்றும் முன் எத்தனை ஆண்டு இருந்தார், வயது என்ன, குடும்பத்துக்கு என்ன ஆகும், சொந்த நாட்டோடு தொடர்பு இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தாக வேண்டும். அதற்குச் சாட்சி வரி ரசீது, வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்தான்.

நம் பக்கத்துக்கே உரிய தவறு ஒன்று. 'அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கினால் பூர்வீக வீட்டில் பங்கு போய்விடும்' என்று பயந்து, தகுதி வந்த பிறகும் மலேசியாவின் சிவப்பு ஐசியோடும் (நிரந்தர வசிப்பாளர் அடையாள அட்டை) பிஆரோடுமே பலர் காலம் தள்ளுகிறார்கள். இந்தியக் குடியுரிமை போகும், அது உண்மை. பங்கு போகாது. ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர் வீட்டையும் வயலையும் வாரிசாகப் பெறலாம். விவசாய நிலத்தைப் புதிதாக விலைக்கு வாங்கத்தான் முடியாது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவெடுங்கள்.