நிகர எடையை யார் மாற்றலாம்? ஆக்சஸ் மாடிஃபையரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குப் பசுந்தேயிலை வரவு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். விவசாயி கொண்டுவந்த மூட்டைகளின் மொத்த எடை 52 கிலோ. சாக்குக்கு 2 கிலோ கழிவு. மீதி 50 கிலோவில் ஈரத்துக்கு 10 சதவீதம் போனால் நிகர எடை 45 கிலோ. பணம் இந்த 45-க்குத்தான். மற்ற மூன்று எண்களோடு அது எப்போதும் ஒத்துப்போக வேண்டும். கிளாஸில் உள்ள ஒன்றை வேறு எந்தக் கோடு தொடலாம் என்று சொல்லும் பப்ளிக், பிரைவேட் போன்ற சொற்களே ஆக்சஸ் மாடிஃபையர்கள். அவற்றால் எதை மறைப்பது, எதைத் திறந்துவிடுவது என்பதை இந்த ஒரு விதியை வைத்தே முடிவுசெய்யுங்கள்.

கிளாஸ் வைத்திருக்கும் மதிப்புகளை, அதாவது ஃபீல்டுகளை, யாரும் தொடும்படி பப்ளிக்காக விடக்கூடாது என்பது பலருக்கும் தெரியும். அதிகம் சறுக்குவது அடுத்த படியில்: எல்லாவற்றையும் கிளாஸுக்குள் மட்டும் தெரியும்படி பிரைவேட் ஆக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வெளியிலிருந்து மதிப்பை மாற்ற ஒரு செட்டர் வைத்துவிடுவது. நிகர எடைக்குச் செட்டர் இருந்தால், ரசீது அச்சிடும் கிளாஸ்கூட 45-ஐ 54 ஆக்கிவிடலாம். மொத்த எடை 52-லேயே நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. செட்டர்களை நீக்கிவிட்டு, மொத்த எடை, சாக்கு எடை, ஈர சதவீதம் மூன்றையும் ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கன்ஸ்ட்ரக்டரில் ஒன்றாக வாங்குங்கள். சாக்கு எடை மொத்தத்தைவிடக் குறைவா, ஈரம் 0-க்கும் 100-க்கும் இடையிலா என்று அங்கேயே சோதியுங்கள். நிகர எடையைக் கணக்கிட்டுத் தரும் கெட்டர் மட்டும் போதும்.

இதைவிட நுட்பமான ஓட்டை லிஸ்ட்டில் இருக்கிறது. மாதக் கணக்கு கிளாஸில் ரசீதுகளின் லிஸ்ட் பிரைவேட். ஆனால் கெட்டர் அதே லிஸ்ட்டைத் திருப்பித் தருகிறது. அறிக்கை எழுதுபவர் 10 கிலோவுக்குக் கீழே உள்ளவற்றை வடிகட்ட நினைத்து ரிமூவ் போட்டால், உண்மைக் கணக்கிலிருந்தே ரசீதுகள் காணாமல் போகும். அந்த மாதம் விவசாயிக்குப் பணம் குறையும். ஜாவாவில் ஃபைனல் போட்டாலும் பயனில்லை: அந்த வேரியபிள் வேறு லிஸ்ட்டைச் சுட்டாமல் தடுக்குமே தவிர, உள்ளே இருப்பதைக் காக்காது. ஜாவா 10 முதல் இருக்கும் லிஸ்ட் டாட் காப்பிஆஃப் மாற்றமுடியாத நகலைத் தரும். ஆனால் உள்ளே உள்ள ரசீதுகள் நகலாவதில்லை. அதனால்தான் ரசீதுக்கும் செட்டர் வேண்டாம் என்கிறோம்.

ப்ரொடெக்டட் என்றால் வாரிசு கிளாஸுக்கு மட்டும் என்று நம்பாதீர்கள். ஜாவாவில் அதே பேக்கேஜில் (கிளாஸ்களின் தொகுப்பில்) உள்ள எல்லாக் கிளாஸுக்கும் அது திறந்தே இருக்கும். மாடிஃபையர் எழுதாமல் விடுவதும் மொழிக்கு மொழி மாறும்: ஜாவா கிளாஸில் அந்த ஃபீல்டு பேக்கேஜுக்குள் தெரியும், சி ஷார்ப் கிளாஸில் பிரைவேட். பைத்தானில் பெயருக்கு முன் இரண்டு அடிக்கோடு போட்டால் உள்ளுக்குள் பெயர்தான் மாறும், பூட்டு விழாது.

டேட்டாபேஸில் நேரடியாக அப்டேட் ஓட்டுபவரை பிரைவேட் தடுக்காது. டேபிளில் நிகர எடையை ஜெனரேட்டட் நெடுவரிசையாக, அதாவது மற்ற எண்களிலிருந்து டேட்டாபேஸே கணக்கிடும்படி, வையுங்கள். கையால் 54 எழுத முயன்றால் டேட்டாபேஸே மறுத்துவிடும்.