பெரிய மரத்தின் வேரைக் கத்தரிக்கும் முறை

செங்கோட்டை, புளியரை, தென்காசி வட்டாரங்களில் வரப்போரத்துப் புளியும் வீட்டுச் சுவரை ஒட்டிய மாவும் வேம்பும் வளர்ந்து முதிர்ந்தபின், அவற்றின் பக்கவேர்கள் பயிரின் நீரை இழுத்துக்கொள்வதும் சுவரை விரிசலடையச் செய்வதும் உண்டு. அதற்காக மரத்தையே வீழ்த்த வேண்டியதில்லை. வேரைக் கத்தரித்தே சமாளிக்கலாம். ஆனால் தூரிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்தப் பருவத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அந்த மரம் நிலைத்து நிற்பதும் சாய்வதும் அமையும்.

பெரிய மரத்தை ஆணிவேர்தான் தாங்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் முதிர்ந்த மரங்களின் வேர்களில் பெரும்பங்கு மேல்மண்ணின் 60 செ.மீ. ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் நிழல் விழும் எல்லையையும் தாண்டிப் பரவியிருக்கும். தூரை ஒட்டிய தடித்த வேர்கள் மரத்தைப் பிடித்து நிறுத்துகின்றன; தொலைவிலுள்ள சல்லிவேர்கள் நீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. ஆகவே தூருக்கு அருகே வெட்டினால் இரண்டையும் ஒருசேர இழக்கிறோம்.

தொலைவைக் கணக்கிட நெஞ்சளவு உயரத்தில் மரத்தின் சுற்றளவை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். அந்த நீளத்துக்கும் குறைவான தொலைவில் எந்தக் காரணத்துக்காகவும் தடித்த வேரை வெட்டக் கூடாது. அதைப்போல் இருமடங்கு தள்ளி வெட்டுவதே நல்லது. சுற்றளவு 180 செ.மீ. என்றால், 3.6 மீட்டருக்கு அப்பால் பள்ளம் தோண்ட வேண்டும். சுவர் அதைவிட நெருக்கமாக இருந்தால், வேரைக் குறைப்பதைவிடச் சுவரின் அடித்தளத்தை அந்த வேருக்கு மேலாகப் பாலம்போல் மாற்றிக் கட்டுவதே என் பரிந்துரை.

பருவத்தைப் பொறுத்தவரை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் சாரல்காலக் காற்றை மறந்துவிடக் கூடாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் காற்றை எதிர்த்து மரத்தை இழுத்துப் பிடிப்பவை பெரும்பாலும் மேற்குப் பக்கத்து வேர்கள். வைகாசியிலோ ஆனியிலோ அவற்றை வெட்டுவது மரத்தைக் கிழக்கே சாய்க்க வழிசெய்வதாகும். காற்று தணிந்த புரட்டாசித் தொடக்கத்தில் வெட்டினால், ஐப்பசி மழையின் ஈரத்தில் புதுவேர்கள் விட வாய்ப்புண்டு.

ஓரடி அகலம், இரண்டடி ஆழத்தில் பள்ளத்தைக் கையால் தோண்டுங்கள். ஜேசிபி வேரை வெட்டுவதில்லை, பிய்த்து இழுக்கிறது. அந்தக் கிழிசல் தூர்வரை நீண்டு, அழுகல் பூஞ்சை நுழைய இடம் கொடுக்கும். வேர் வெளிப்பட்டதும் கூரான ரம்பத்தால் நேராக அறுக்க வேண்டும். ஐந்து செ.மீ.க்கு மேல் தடித்த வேரை இயன்றவரை விட்டுவிடுங்கள். வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூச வேண்டாம். வெளியே தெரியும் வேர் வெயிலில் விரைவில் உலர்ந்துவிடும் என்பதால், பள்ளத்தை அன்றே அதே மண்ணால் மூடுவது நல்லது. சுவரைக் காக்க வேண்டுமானால், மூடுமுன் சுவர்ப்பக்கமாகத் தடித்த பிளாஸ்டிக் தகட்டைச் செங்குத்தாக நிறுத்தலாம். ஒரு முறைக்கு ஒரு பக்கத்தை மட்டும் வெட்டுங்கள். மறுபக்கத்துக்கு இரண்டு ஆண்டுகளாவது இடைவெளி தேவை.

வெட்டியபின் மரத்தின் வளர்ச்சி குறையும். உறிஞ்சும் வேர்கள் குறைந்ததால் நீர்வரத்து சுருங்கி, இலைத்துளைகள் மூடிக்கொள்ள, இலையில் உணவு தயாராவதும் குறைகிறது. வேர்நுனிகளில் உருவாகித் தளிரைத் தூண்டும் சைட்டோகைனின் என்னும் ஊக்கியும் குறைவாகவே மேலேறுகிறது. இருக்கும் சேமிப்பு புதுவேர் விடுவதற்குச் செலவாவதால், தளிர்கள் குட்டையாகவும் இலைகள் சிறிதாகவும் வரும். வெட்டுவாய்க்குச் சற்றுப் பின்னாலிருந்து கொத்தாகப் புதுவேர்கள் கிளம்பும். ஆகவே வரப்போரத்துப் பள்ளத்தைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பித்தால்தான் பயிருக்குப் பயன் நீடிக்கும்.

வேரை வெட்டியதற்கு ஈடாகக் கிளையையும் கழிக்க வேண்டும் என்ற பழக்கம் தவறானது. புதுவேருக்கு வேண்டிய உணவை இலைகளே தருவதால், காய்ந்த கிளையை மட்டும் நீக்கினால் போதும். அடுத்த இரண்டு கோடைகளிலும் ஆழமாக நனையும்படி நீர் பாய்ச்சி, தூரைத் தொடாமல் சருகு மூடாக்கு இடுங்கள். உச்சிக் கொம்பு நுனியிலிருந்து காய்வது சில ஆண்டுகள் கழித்தும் தொடங்கக்கூடும். அந்த அறிகுறி தென்பட்டால் மறுபக்கத்து வேரைத் தொடவே கூடாது.