"பால் பத்தல" என்று முடிவுகட்டும் முன்

குழந்தை பிறந்த மூன்றாம் நாளே வீட்டில் யாராவது சொல்லிவிடுவார்கள்: "பால் பத்தல போல, புள்ள அழுதுகிட்டே இருக்கு." அன்று மாலையே பவுடர் பால் டப்பா வந்துவிடும். புட்டியில் வயிறு நிறைந்த குழந்தை மார்பில் குறைவாகக் குடிக்கும். பால் வெளியேறாத மார்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத குறை ஒரே வாரத்தில் உண்மையாகிவிடும்.

அழுகையை அளவுகோலாக வைக்காதீர்கள். நனைந்த துணியையும் எடையையும் பாருங்கள். முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு முறை என்று சிறுநீர் கூடிக்கொண்டே போய், ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையக் கூடாது. டயபர் கட்டினால் கணக்குத் தெரியாது. முதல் இரண்டு வாரம் துணியே நல்லது. டயபர்தான் என்றால், புதிய ஒன்றில் மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் ஊற்றிக் கையில் தூக்கிப் பாருங்கள். அந்தக் கனம்தான் 'நனைந்தது'. பிறந்ததும் கறுப்பாகப் பிசுபிசுவென்று போகும் மலம், ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாகியிருக்க வேண்டும்.

எடை முதலில் குறையத்தான் செய்யும். 3 கிலோவில் பிறந்த குழந்தை 2.8க்கு இறங்குவது இயல்பு, 2.7ஐத் தொட்டால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிடும். பிறகு மூன்று மாதம்வரை வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் ஏறினால் போதும். எப்போதும் ஒரே தராசில், துணி இல்லாமல் எடை போடுங்கள். தாய்-சேய் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோடு மேல்நோக்கிப் போகிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குண்டுக் கன்னம் அல்ல.

இனி, எப்போது கொடுப்பது? கடிகாரம் பார்த்து அல்ல. தலையை அங்குமிங்கும் திருப்பித் தேடுவது, கையை வாயில் வைப்பது, உதட்டைச் சப்புவது இவையெல்லாம் பசிக்கு அடையாளம். அழுகை கடைசியில் வருவது. கதறும் குழந்தை சரியாக வாய் வைக்காது, முதலில் அமைதிப்படுத்த வேண்டும். ஒரு நாளில் 8 முதல் 12 முறை குடிக்கும். சாயங்காலத்தில் அரை மணிக்கு ஒரு முறை கேட்பதும் உண்டு. அதைப் பார்த்துப் பயந்துதான் பல வீடுகளில் டப்பா திறக்கப்படுகிறது.

வாய் பிடிக்கும் விதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. குழந்தையின் வயிறு அம்மாவின் வயிற்றை ஒட்டி இருக்க, காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வரட்டும். மூக்குக்கு நேராகக் காம்பு. மேலுதட்டைக் காம்பால் தொட்டு, வாய் அகலத் திறக்கும்வரை பொறுங்கள். திறந்ததும் குழந்தையை மார்புக்குக் கொண்டுவாருங்கள், அம்மா குனிய வேண்டாம். பின்னந்தலையை அழுத்தினால் குழந்தை விறைத்துப் பின்வாங்கும். கழுத்தையும் தோளையும் தாங்கினால் போதும். சரியாகப் பிடித்திருந்தால் தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடங்கி, கன்னம் உப்பியிருக்கும். விழுங்கும் சத்தம் கேட்கும். முதல் சில நொடிகளுக்குப் பிறகும் வலித்தாலோ, வெளியே வரும் காம்பு சப்பையாக நசுங்கியிருந்தாலோ பிடி தவறு. சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி வையுங்கள்.

மூன்றாம் நாளையொட்டி மார்பு கல்லாக இறுகினால், காம்பைச் சுற்றிய கருவட்டத்தைக் கையால் கொஞ்சம் பீய்ச்சி இளக்கிவிட்டு வாய் வைக்கட்டும். இறுக்கத்தில் குழந்தைக்குப் பிடியே கிடைக்காது.

வீட்டாருக்கு வேலை நிறைய உண்டு. இரவில் பால் கொடுப்பது சுரப்புக்கு மிக முக்கியம் என்பதால் அதை விடக் கூடாது. ஆனால் குழந்தையைத் தூக்கித் தருவது, ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது கணவர் பாடு. அம்மாவுக்குப் பத்தியம் என்று தண்ணீரைக் கட்டுப்படுத்த வேண்டாம், தாகத்துக்குக் குடிக்கட்டும். பூண்டும் சுறாப்புட்டும் சாப்பிடட்டும், தப்பில்லை. ஆனால் பாலைக் கூட்டுவது குழந்தை குடிப்பதுதான். சேனை வைப்பது (பிறந்த குழந்தையின் நாக்கில் இனிப்பு தொட்டு வைப்பது), சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஒரு வயதுவரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி பச்சிளங்குழந்தையின் தசைகளை முடக்கும். ஆறு மாதம்வரை தண்ணீரும் தேவையில்லை, வெயில் காலத்திலும்.

எடை உண்மையிலேயே ஏறாமல் மருத்துவர் கூடுதல் பால் சொன்னால், முதலில் அம்மாவின் பாலையே பீய்ச்சிப் பாலாடையில் (பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) கொடுங்கள். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரம் வைத்து அதுவாக உறிஞ்சவிடுங்கள். தொண்டையில் ஊற்றினால் புரையேறும்.

எழுப்பியும் குடிக்காமல் துவண்டு கிடந்தால், ஐந்தாம் நாளுக்குப் பிறகும் சிறுநீர் செங்கல் நிறக் கறை விட்டால், தோலின் மஞ்சள் நிறம் காலுக்கு இறங்கினால், காய்ச்சல் அடித்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்மாவின் மார்பு சிவந்து காய்ச்சல் வந்தாலும் அப்படியே. ஆனால் அந்த மார்பில் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம், தேங்கினால் கட்டி சீழ் வைக்கும்.