காது மெஷின் போட்ட முதல் இரண்டு மாதம்: எது பழகும், எது பழகாது

"பழகிடும்மா" என்ற ஒரு வார்த்தையை நம்பி மூன்று வாரம் வீணாக்கினேன். இரண்டு காதுக்கும் மெஷின் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, நான் பேசினால் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி இருந்தது. பொருத்தித் தந்தவரிடம் போனில் கேட்டேன். "எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும், பழகிடும்" என்றார். வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன், நாளாக ஆகப் பேசுவதையே குறைத்துக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் அது பழகக்கூடிய விஷயமே இல்லை. காதுக்குள் போகும் ரப்பர் முனை என் காதுக்கு ஏற்ற வகை இல்லை. அதை மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். புது மெஷினோடு வரும் தொல்லைகளில் பாதி நாள்பட நாள்பட மூளை சரிசெய்துகொள்ளும். மீதிப் பாதியை ஆடியாலஜிஸ்ட்தான் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினுக்கு அளவு வைப்பவர்) சரிசெய்ய வேண்டும். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். எந்த மெஷின் வாங்குவது, ஆடியோகிராமை (காது பரிசோதனை வரைபடத்தை) எப்படிப் படிப்பது என்பதற்கெல்லாம் நான் போகவில்லை. பரிசோதனை முடிந்து மெஷின் கையில் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். என்னுடையது காதுக்குப் பின்னால் உட்கார்ந்து, மெல்லிய கம்பி வழியாகச் சத்தத்தை உள்ளே அனுப்பும் வகை.

படி 1: கண்ணாடி பார்க்காமல் மாட்டப் பழகுங்கள்

சிவப்புக் குறி வலது காது, நீலக் குறி இடது காது. எல்லாக் கம்பெனியிலும் இதே வழக்கம்தான். முதலில் காதில் வைத்துவிட்டு அப்புறம் ஆன் செய்யுங்கள். ஆன் செய்துவிட்டு மாட்டினால் கைக்குள்ளேயே கீச்சென்று விசிலடிக்கும். மற்ற கையால் காது மடலை மேலும் பின்னுமாக லேசாக இழுத்துப் பிடித்தால் முனை சுலபமாக உள்ளே போகும். கம்பி கன்னத்தோடு ஒட்டிப் படுத்திருந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறது. வளைந்து துருத்திக்கொண்டு நின்றால் இன்னும் உள்ளே போக வேண்டும். கட்டிலில் துண்டை விரித்து, அதன்மேல் உட்கார்ந்து பழகுங்கள், கை தவறினாலும் தரையில் விழாது.

படி 2: முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே, ஆனால் நாள் முழுக்க

"வெளியே போகும்போது மட்டும் போட்டுக்கிறேன், வீட்ல எதுக்கு?" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. காது மந்தமாவது பெரும்பாலும் பல வருஷமாக, மெல்ல மெல்ல நடப்பது. அந்தக் காலமெல்லாம் மூளைக்கு வராத சின்னச் சத்தங்கள் ஒரே நாளில் திரும்பி வருகின்றன. எதைக் கவனிப்பது, எதைத் தள்ளிவிடுவது என்று அது மறுபடி முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். அமைதியான இடத்தில்தான் அந்தப் பாடம் நடக்கும். மெஷினைக் கடைத்தெருவில் மட்டும் போட்டால், மூளைக்கு ஒவ்வொரு முறையும் இரைச்சல் மட்டும்தான் கிடைக்கும்.

முதல் நாள் மாலை வீட்டில் தனியாக நடந்துகொண்டிருந்தேன். சரக், சரக் என்று ஏதோ கூடவே வந்தது. நின்றால் நின்றது, நடந்தால் மறுபடி சரக். கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன். என் சட்டைக் கை இடுப்பில் உரசுகிற சத்தம் அது. அந்தச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ தெரியவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இப்படிப் புதிதாக ஏதாவது கேட்டால் விடாதீர்கள். போய்த் தேடி, என்னவென்று பார்த்து, வாய்விட்டுப் பெயர் சொல்லுங்கள்: குழாய் சொட்டுகிறது, காகிதம் கசங்குகிறது, சாவி குலுங்குகிறது. இன்னதென்று தெரிந்த சத்தத்தை மூளை சீக்கிரம் ஒதுக்கிவிடும். எனக்கு இரண்டாவது வாரம் சட்டைச் சத்தம் மறைந்துவிட்டது. தினமும் கால் மணி நேரம் எதையாவது வாய்விட்டுப் படியுங்கள், உங்கள் குரலும் பழகும். களைத்துப்போனால் அரை மணி நேரம் கழற்றி வையுங்கள், தப்பில்லை. ஆனால் மறுபடி போட வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போட்டிருக்கிறீர்கள் என்று இப்போதைய மெஷின்கள் பெரும்பாலும் தாமாகவே பதிந்துகொள்கின்றன. அடுத்த முறை போகும்போது ஆடியாலஜிஸ்ட் கம்ப்யூட்டரில் அதைப் பார்ப்பார். போடாத நாளையும் உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

முதல் நாட்களில் எல்லாமே கூராகக் கேட்கும். நம்மில் பலருக்கு முதலில் போவது மேல் ஸ்தாயி. ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனத்தவை, அவை காதில் விழுந்துவிடும். ச, ஸ, த, ப, க போன்ற மெல்லிய மெய்யொலிகள்தான் நழுவும். "பல்" என்றாரா, "கல்" என்றாரா என்று திணறுவது அதனால்தான். "சத்தம் கேக்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று நாம் எல்லாரும் சொல்வதும் இதைத்தான். மெஷின் அந்த மேல் ஸ்தாயியைத் தூக்கிக் கொடுப்பதால், யார் பேசினாலும் ஸ் ஸ் என்று சீறும். இது பழகும். எனக்குப் பத்து நாளில் பழகியது.

பாத்திரம் விழுந்தாலோ கதவு அறைந்தாலோ வலிக்கிறது என்றால் அது வேறு. உள்காதுப் பழுதில் மெல்லிய சத்தம் கேட்காமல் போனாலும் பெரிய சத்தம் பெரிதாகவேதான் கேட்கும். நடுவில் இருக்கும் இடைவெளிதான் சுருங்கிப்போகிறது. மெஷின் எவ்வளவு உச்சத்துக்குப் போகலாம் என்று ஒரு வரம்பு உண்டு, அதை இறக்கி வைக்க முடியும். வலியைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள். கேட்டு இறக்கி வாங்குங்கள்.

படி 3: சொந்தக் குரல், 'ஈ' சொல்லிப் பார்க்கும் சோதனை

நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்ட இடம் இது. நிதானமாகப் படியுங்கள்.

நாம் பேசும்போது குரல் வாய் வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. எலும்பு வழியாகவும் காதுக் குழாய்க்குள் அதிர்வு வருகிறது. காது திறந்திருந்தால் அந்தக் கனத்த, தாழ்ந்த சத்தம் வெளியே போய்விடும். அடைத்துவிட்டால் போக வழியில்லாமல் செவிப்பறையிலேயே மோதும். இப்போதே செய்து பாருங்கள். இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு "ஆ..." என்று இழுங்கள். பிறகு "ஈ...", "ஊ...". ஆவை விட ஈயும் ஊவும் மண்டைக்குள் முழங்கும். விரல் செய்கிற வேலையையே ரப்பர் முனையும் செய்யலாம்.

ஆனால் குரல் பெரிதாகக் கேட்க இன்னொரு காரணமும் உண்டு. மைக் உங்கள் குரலையும் பிடித்துப் பெரிதாக்குகிறது. இரண்டும் வேறு வேறு கோளாறு, வைத்தியமும் வேறு. பிரித்தறிய இப்படிச் செய்யுங்கள்:

மெஷினை மாட்டி, ஆன் செய்து, "ஈ..." என்று நீளமாகச் சொல்லுங்கள். எப்படிக் கேட்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மெஷினைக் காதிலிருந்து எடுக்காமல் ஆஃப் செய்யுங்கள். பேட்டரி மூடியைத் திறந்தோ பொத்தானை அழுத்தியோ, உங்களுடையதில் எதுவோ அது. மறுபடி அதே "ஈ...".

ஆஃப் செய்த பிறகும் முழங்கினால் அது அடைப்பு. கம்ப்யூட்டரில் எத்தனை முறை திருத்தினாலும் முழுதாகத் தீராது, முனையைத்தான் மாற்ற வேண்டும். துளைகள் உள்ள திறந்த டோம் (அந்த ரப்பர் முனைக்குப் பெயர் டோம்) போடலாம். அச்செடுத்துச் செய்த மோல்டு என்றால் அதன் காற்றுத் துளையைப் பெரிதாக்கலாம். ஆஃப் செய்ததும் முழக்கம் நின்றுவிட்டால், மெஷின் தாழ்ந்த ஸ்தாயியைத் தூக்கிக் கொடுக்கும் அளவுதான் காரணம். அதைக் கம்ப்யூட்டரில் கொஞ்சம் குறைப்பார்கள், அல்லது படிப்படியாகப் பழக்குவார்கள்.

ஆடியாலஜிஸ்டிடம் "என் குரல் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லாதீர்கள். "மெஷினை ஆஃப் பண்ணினாலும் ஈ சொன்னா முழங்குது" என்று சொல்லுங்கள். நான் இரண்டாவதாகப் போனவரிடம் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொன்னேன். உடனே டார்ச்சை எடுத்துக் காதைப் பார்த்தார். தாழ்ந்த ஸ்தாயி எனக்கு ஏறக்குறைய நன்றாகவே கேட்கும், அப்படியிருந்தும் மூடிய டோம் போட்டிருந்தது. திறந்ததை மாட்டிவிட்டு "பேசுங்க" என்றார். "என்ன பேசறது?" என்றேன். என் பழைய குரல். அதற்கு மேல் பேச முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

எல்லாருக்கும் திறந்த டோம் ஒத்துவராது. தாழ்ந்த ஸ்தாயியிலும் நிறையக் குறைந்தவர்களுக்கு, அது வழியாகச் சத்தம் வெளியே கசிந்துவிடும், விசிலும் வரும். காதுக்குள் ஆழமாக, எலும்புப் பகுதி வரை போய் உட்காரும் மோல்டு அவர்களுக்கு முழக்கத்தைக் குறைக்கும். அதன் பிறகும் மிஞ்சுவது மட்டும்தான் பழக வேண்டிய பங்கு.

படி 4: ஒரு சின்ன நோட்டு

செயலியில் குறித்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்குக் காகித நோட்டுதான் பிடிக்கும், சட்டைப் பையிலிருந்து எடுத்தவுடன் எழுதலாம். "சரியா கேக்கல" என்று எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. என் நோட்டிலிருந்து இரண்டு வரி: "மகள், முகம் பார்த்து, இரண்டடி தூரம், ஃபேன் ஓடுது: எல்லாம் புரிஞ்சுது." "மகள், பக்கத்து அறையிலிருந்து: சத்தம் மட்டும், வார்த்தை இல்லை." இப்படி யார், எவ்வளவு தூரம், பின்னால் என்ன சத்தம் என்று இருந்தால் ஆடியாலஜிஸ்ட் எதைத் தொடுவது என்று கண்டுபிடித்துவிடுவார்.

இரண்டாவது தடவை போகும்போது "ரியல் இயர் மெஷர்மென்ட்" செய்வார்களா என்று கட்டாயம் கேளுங்கள். மிக மெல்லிய குழாய் ஒன்றை மெஷினோடு சேர்த்துக் காதுக்குள் வைத்து, செவிப்பறைக்குப் பக்கத்தில் உண்மையில் எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் வகுத்த என்ஏஎல்-என்எல்2 போன்ற கணக்குகள், இந்தக் கேட்புத்திறனுக்கு ஒவ்வொரு ஸ்தாயியிலும் இவ்வளவு சத்தம் வேண்டும் என்று ஓர் இலக்குத் தருகின்றன. கம்ப்யூட்டர் முதலில் போடுவது சராசரிக் காதுக்கான மதிப்பீடுதான். உங்கள் காதுக் குழாயின் நீளமும் அகலமும் அதற்குத் தெரியாது. இதைச் செய்யாமல் "இப்ப எப்படி இருக்கு, பரவாயில்லையா?" என்று மட்டும் கேட்டு அளவு வைக்கும் இடத்துக்கு நான் இனிப் போகமாட்டேன்.

முதல் நாள் அளவை வேண்டுமென்றே இலக்குக்குக் கீழே வைத்து, சில வாரத்தில் ஏற்றுவதும் உண்டு. அதனால் "போதுமே, இது நல்லாத்தான் இருக்கு" என்று அடுத்த சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

படி 5: இரைச்சலுக்குள் போவது

மூன்றாவது வாரத்துக்கு முன்னால் கூட்டத்துக்குப் போக வேண்டாம் என்பேன். போகும்போது, இரைச்சல் வரும் பக்கம் உங்கள் முதுகு இருக்கட்டும், பேசுபவர் நேர் முன்னால். இரைச்சலில் மெஷினின் மைக்குகள் முன்பக்கத்துக்கே முன்னுரிமை கொடுக்கும். நெருங்கி உட்காருங்கள். திறந்த வெளியில் தூரம் பாதியானால் சத்தம் 6 டெசிபல் கூடும், எந்தப் பொத்தானும் இவ்வளவு சுத்தமான லாபம் தராது. அப்படியும் கூட்டத்தில் பத்துக்குப் பத்து வார்த்தை கிடைக்காது.

வீட்டாரிடம் இரண்டே விஷயம் சொல்லிவையுங்கள். முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நாம் திரும்பிய பிறகு பேச வேண்டும். கத்தக் கூடாது, கத்தினால் வார்த்தையின் உருவமே சிதைந்துவிடும். என் மகளுக்கு அடுத்த அறையிலிருந்து பேசும் வழக்கம் போக ஒரு மாதம் பிடித்தது.

படி 6: ராத்திரி ஐந்து நிமிடம்

உலர்ந்த மெல்லிய துணியால் துடையுங்கள். ஸ்பிரிட், தண்ணீர், ஊசி எதுவும் வேண்டாம். முனையை மெஷினோடு வந்த குட்டி பிரஷ்ஷால், துளை கீழே பார்த்தபடி பிடித்துத் தட்டுங்கள், குறும்பி உள்ளே போகாமல் வெளியே விழும். பட்டன் பேட்டரி என்றால் மூடியைத் திறந்துவைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போடுங்கள். ரீசார்ஜ் வகையைச் சார்ஜரில் வைத்துவிட்டு, விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்குங்கள். விரல் நடுங்குபவர்களுக்கு ரீசார்ஜ் வகைதான் என் சிபாரிசு.

பட்டன் பேட்டரி காற்றிலிருந்து ஆக்சிஜன் எடுத்து வேலை செய்வது. ஸ்டிக்கரை உரித்ததும் மூன்று, நான்கு நிமிடம் அப்படியே விட்டுவிட்டுப் போடுங்கள். உரித்ததை மறுபடி ஒட்டிவைத்தால் மிச்சமாகாது. அளவை நிறத்தால் நினைவு வைக்கலாம்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், விழுங்கினால் பெரிய ஆபத்து.

ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் பெரும்பாலும் முனையில் இருக்கும் வாக்ஸ் கார்டு (குறும்பி உள்ளே போகாமல் தடுக்கும் குட்டி வடிகட்டி) அடைத்திருக்கும். புதியதை மாற்றிவிட்டு அப்புறம் கவலைப்படுங்கள்.

பின்னால் சேர்த்தவை

இதைப் படித்த ஒருவர், போனில் ஒன்றுமே கேட்கவில்லை என்று எழுதியிருந்தார். போனைக் காதுத் துளையில் வைக்கிறீர்களா? மைக் இருப்பது காதுக்கு மேலே, பின்னால். போனைக் கொஞ்சம் மேலே தூக்கி, மைக் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள்.

மெல்லும்போது மட்டும் விசிலடிக்கிறதாம் இன்னொருவருக்கு. தாடை அசையும்போது முனை தளர்கிறது, ஒரு அளவு பெரிய டோம் கேட்டுப் பாருங்கள். எந்நேரமும் அடித்தால் காதில் குறும்பி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கையைக் கொண்டுபோனால் அடிப்பது சகஜம்.

முகக்கவசம் கழற்றும்போது மெஷினும் கூடவே பறந்ததாக இரண்டு பேர் சொன்னார்கள். தலைக்குப் பின்னால் கட்டும் வகைக்கு மாறுங்கள். மூக்குக் கண்ணாடியை இரண்டு கையாலும் நேராக முன்னால் இழுத்துக் கழற்றுங்கள்.

மெஷினை எடுத்தபோது டோம் காதுக்குள்ளேயே தங்கிவிட்டால் பட்ஸ், ஹேர்பின் எதையும் விடாதீர்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனால் ஒரு நிமிட வேலை.

கடைசியாக, இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். ஒரு காது திடீரென்று மந்தமானால், மெஷின்தான் கெட்டுவிட்டது என்று அதையே நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். வாக்ஸ் கார்டும் பேட்டரியும் மாற்றிய பிறகும், மெஷின் இல்லாமலேயே அந்தக் காது வழக்கத்தைவிட மோசமாக இருந்தால், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். திடீர்க் கேளாமைக்கு மருந்து உண்டு, ஆனால் நாள் தள்ளத் தள்ள அது வேலை செய்யும் வாய்ப்புக் குறையும்.